தண்ணீர்ப் படகுக்கு ஏற்றிய கொடி

சித்தப்பா எந்தப் பாத்திரத்துத் தண்ணீரையும் அடிவரை காலி செய்து நான் பார்த்ததில்லை. தம்ளரில் குடித்தால் இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சம் வைப்பார். குளித்துவிட்டு வந்தால் வாளியில் ஒரு சொம்பு மிஞ்சியிருக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் விடுப்பில் வந்து போன மறுநாள் வீடு முழுக்க இப்படி அரைகுறைத் தண்ணீராக நிற்கும். அம்மா அதையெல்லாம் எடுத்துச் செடிக்கு ஊற்றிக்கொண்டே, "உங்க சித்தப்பன் கடலையே குடிச்சாலும் கொஞ்சம் மிச்சம் வெப்பான்" என்பாள்.

ஏன் அப்படிச் செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பார்த்துக்கொண்டே இருப்பேன், அவ்வளவுதான். பதில் கிடைத்தபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அதுவும் ஒரு நீதிமன்றத்தில், நாடுகள் வழக்காடுகிற நீதிமன்றத்தில், சித்தப்பா சாட்சியாக நின்று சொல்ல, நான் கைபேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. வாலிபத்தில் சரக்குக் கப்பல்களில் மாலுமியாக இருந்தார். பிறகு நடுக்கடலில் ஒரு பாறைத் தீவில் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்குக் காவலராகப் போனார். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார். ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நடந்தால் பாதி கரைவதற்குள் தீவைச் சுற்றி வந்துவிடலாம் என்பார். மரம் கிடையாது, கிணறு கிடையாது. விளக்குக் கோபுரம், அதன் அடியில் ஓர் அறை, ஒரு கொடிக்கம்பம், பறவை எச்சம். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் எல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார்.

"எனக்குத்தான் ஆயிடுச்சே. ராத்திரி பூரா கண்ணடிச்சிக்கிட்டே நிக்கிறா. தூங்கவா முடியுது?"

நம் கரையிலிருந்து அந்தப் பாறைக்குப் படகில் போக அரை நாள் ஆகும். எதிர்க்கரையிலிருந்து போனால் ஒரு மணி நேரம்தான். ஆனால் எதிர்க்கரை வேறு நாடு. இரண்டு நாடுகளுமே தங்கள் வரைபடத்தில் அந்தப் பாறையைத் தங்கள் நிறத்தில்தான் போட்டிருந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பாறைக்காக யார் சண்டை போடுவார்கள்? பிறகு, அதைச் சுற்றிக் கடலுக்கடியில் எரிவாயு இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து பேச ஆரம்பித்தார்கள். ரோந்துப் படகுகள் ஒன்றையொன்று விரட்டின. ஒருநாள் இரண்டு படகுகள் மோதி நாலைந்து பேருக்குக் காயம் என்று செய்தியில் வந்தது. எங்கே போருக்குப் போய்விடுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தபோது இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஒரு கையெழுத்துப் போட்டன. சர்வதேச நீதிமன்றத்துக்குப் போவோம், என்ன தீர்ப்பு வந்தாலும் கட்டுப்படுவோம் என்று.

என் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க வானொலி கேட்கிறவர். அவர்தான் எங்கள் வீட்டுக்கு அந்த நீதிமன்றத்தை விளக்கிச் சொன்னவர். அங்கே உன்னைப் போல என்னைப் போல ஆட்கள் வழக்குப் போட முடியாது, நாடுதான் நாட்டின் மேல் போட முடியும் என்றார். அதுவும் இரண்டு பேரும் சம்மதித்தால்தான். ஒருத்தர் வரமாட்டேன் என்றால் இழுத்துக்கொண்டு வர ஆள் கிடையாது. முதலில் இரண்டு பக்கமும் தலையணை கனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பதில், பதிலுக்குப் பதில், அதற்கே வருஷங்கள் ஓடும். அப்புறம்தான் வாய்ப்பேச்சு. பதினைந்து நீதிபதிகள், பதினைந்து பேரும் வேறு வேறு நாடு. நம் ஆள் அதில் இல்லையென்றால் இந்த வழக்குக்கு மட்டும் ஒருவரை நாமே நியமித்துக்கொள்ளலாம்.

"பஞ்சாயத்துக்குப் போறப்ப மாமனையும் கூட்டிட்டுப் போற மாதிரி" என்றார். "ஆனா ரெண்டு பக்கமும் மாமன் வர்றதால கணக்கு சரியாப் போயிடும்."

தீர்ப்பு வந்தால் மேல்முறையீடு கிடையாது. அதை நிறைவேற்ற அந்த நீதிமன்றத்துக்கென்று ஒரு போலீஸ்காரர்கூடக் கிடையாது. அப்புறம் எப்படிக் கேட்பார்கள் என்று அன்று நானே வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். நாளைக்கு இன்னொரு சண்டையில் நாமும் அங்கேதானே போய் நிற்க வேண்டும், இன்றைக்கு மதிக்காவிட்டால் அன்றைக்கு எந்த முகத்தோடு போவது என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் தெருக் குழாயடியும் அப்படித்தான் நடக்கிறது.

வழக்கு முடியும்வரை இரண்டு நாட்டு ஆட்களும் அந்தப் பாறையில் தங்கக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. விளக்கைத் தானாக எரியும்படி மாற்றிவிட்டு சித்தப்பாவைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அவருக்கு நான்தான் இருந்தேன்.

எங்கள் பின்னறையில் பழைய சாக்குகளை எடுத்துவிட்டு ஓர் இரும்புக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தோம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொடலாம். சித்தப்பா காலையில் எழுந்ததும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார், கண்ணை இடுக்கி, தூரத்தில் ஏதோ வருகிற மாதிரி. தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாரே தவிரத் திறக்கவில்லை. இரண்டு சட்டைகளை வெளியே எடுத்துக்கொண்டு மீண்டும் பூட்டிவிட்டார். வழக்கில் நாம் ஜெயித்தால் அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும், அவரையே திரும்ப அனுப்புகிறோம் என்று துறைமுக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்களாம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் எங்கள் வீட்டில் விருந்தாளியாகவே இருந்தார். கொடியில் என் துணிக்குப் பக்கத்தில் தன் துண்டைக் காயப்போடக்கூடத் தயங்குவார்.

பேசுவது குறைவு. சில சமயம் அறைக்குள் குரல் கேட்கும். எட்டிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். தானே ஒன்றைக் கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டிருப்பார். நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாலையில் வந்து அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்காருவேன். ஒருநாள், அங்கே தனியாக இருந்தது கஷ்டமாக இல்லையா என்று மெல்லக் கேட்டேன்.

"அங்க யாரும் இல்லன்னு தெரியும்மா. இங்க அது தெரியல" என்றார்.

ஒரு வருஷம் போல ஆன பிறகு அரசாங்கத் தரப்பிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். சின்ன வயதுதான். உட்கார எங்கள் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைப் போட்டேன். சித்தப்பாவைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். ஐயா, முப்பது வருஷம் நம் ஆள் அங்கே குடியிருந்தார் என்பதற்கு நீங்களே உயிருள்ள சாட்சி என்றார். சித்தப்பா வெட்கத்தோடு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். எல்லாம் பேசி முடித்தபின் வக்கீலம்மா பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மடியில் வைத்தார். எதிர்த்தரப்பு கொடுத்திருக்கிற படம், இதைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டும் என்றார்.

ஏதோ உல்லாசப் படகில் போனவர்கள் எடுத்த படம். அந்தப் பாறை, கோபுரம், கொடிக்கம்பம். கம்பத்தின் உச்சியில் நம் கொடி. குறுக்குக் கட்டையின் வலது பக்கத்தில் இன்னொரு கொடி. எதிர்க்கரைக்காரர்களின் கொடி.

"இது யார் ஏத்தினது, ஐயா?"

"நான்தான். நானே தைச்சது" என்றார் சித்தப்பா. குரலில் பெருமை இருந்தது. "கப்பலுக்குக் காட்டுற பழைய சமிக்ஞைத் துணியெல்லாம் வெட்டிச் சேத்து. தையல் நல்லா வந்திருக்கில்ல?"

வக்கீலம்மாவின் முகத்தை நான் கவனித்தேன். தேநீர்த் தம்ளரைக் கையில் எடுத்தவர் குடிக்காமலே கீழே வைத்தார்.

பிறகு அவர் விளக்கிச் சொன்னதும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கப்பல்காரர்களிடம் ஒரு மரியாதை உண்டு. வேறொரு நாட்டின் கடலுக்குள் நுழைந்தால், அந்த நாட்டின் கொடியைக் கப்பலின் வலது பக்கம் ஏற்ற வேண்டும். அடுத்த வீட்டுக்குள் போகும்போது கதவைத் தட்டுவது மாதிரி. ஏற்ற வேண்டியவர் விருந்தாளி, வீட்டுக்காரர் அல்ல. முப்பது வருஷம் நம் வீடு என்று நாம் சொல்கிற இடத்தில், நம் ஆளே வலது பக்கத்தில் அவர்கள் கொடியை ஏற்றியிருக்கிறார். இது உங்கள் கடல், நான் வந்து தங்கியிருப்பவன் என்று ஒரு பழைய மாலுமி சொன்னதாகத்தான் எதிர்த்தரப்பு எழுதியிருந்தது.

சித்தப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அப்படி நெனச்சி ஏத்தலயே" என்றார்.

இந்த விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை விளக்குக்காரர் என்று கூப்பிட்டவர்கள் கொடிக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முடிவெட்டுகிற இடத்தில் ஒருவர், உங்கள் பாக்கெட்டில் இன்னும் எத்தனை நாட்டுக் கொடி இருக்கிறது என்று கேட்டாராம். அதன்பிறகு சித்தப்பா தானே கண்ணாடி பார்த்து முடியை வெட்டிக்கொண்டார், பின்பக்கம் ஏறுமாறாக. என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது ஒருநாள், "ஊர்ல வழக்குல தோக்கறதுக்கு எதிராளி வேணும். நமக்கு வீட்டுலயே ஆள் இருக்கு" என்றார். பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. அன்று சித்தப்பாவின் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

எழுத்துவேலை எல்லாம் முடிந்து வாய்ப்பேச்சுக்கு நாள் குறித்தார்கள். அந்த நீதிமன்றத்தில் பெரும்பாலும் வக்கீல்களும் பேராசிரியர்களும்தான் பேசுவார்களாம், சாட்சிகள் வருவது அபூர்வம். கொடிக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது என்பதால் சித்தப்பாவைக் கூட்டிப் போனார்கள். அவருடைய வெள்ளைச் சட்டையை எங்கள் சலவைக்கூடத்துப் பெரிய இயந்திரத்தில் கொடுத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். விமானத்தில் கொடுக்கிற தண்ணீரை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள், மடியில் கொட்டிவிடும் என்று சொன்னேன். சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

நீதிமன்றத்தில் நடப்பதைக் கைபேசியில் நேரலையாகப் பார்க்கலாம் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அன்று ஈரத் துணி வண்டிகளுக்கு நடுவில், சோப்புத் தூள் டப்பாவில் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கூட வேலை செய்கிறவர்களும் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள். பெரிய மண்டபம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். நீளமான மேசைக்குப் பின்னால் கறுப்பு அங்கியில் நீதிபதிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா உள்ளே வந்தார். கழுத்துப் பொத்தானைப் போட மறந்திருந்தார். நம் மொழியில் பேசினார். பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்த்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர், மிகவும் மரியாதையாகப் பேசினார். நீங்கள் மாலுமியாக இருந்தீர்களா என்றார். ஆமாம். ஒரு கப்பல் எந்தக் கடலில் இருக்கும்போது வேறு நாட்டுக் கொடியை வலது பக்கம் ஏற்றும்?

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம், தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம்.

"அந்த நாட்டுக் கடல்ல" என்றார்.

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பின்னால் யாரோ, அவ்வளவுதான் போச்சு என்றார்கள்.

அடுத்து நம் வக்கீலம்மா எழுந்தார். ஏன் ஏற்றினீர்கள் என்று மட்டும் கேட்டார். சித்தப்பா எதிர்த்தரப்பு உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரையோ தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னார். ஒரு வருஷம் கடல் கொந்தளித்து, தண்ணீர் கொண்டுவரும் நம் படகு வாரக்கணக்கில் வரவில்லை. தொட்டியில் தண்ணீர் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு நாளைக்கு ஒரு தம்ளர் என்று குடித்துக்கொண்டிருந்தார். அப்போது எதிர்க்கரையிலிருந்து ஒரு சின்னப் படகு அந்த அலையில் ஏறி இறங்கி வந்தது. படகுக்காரர் யாரென்று தெரியாது, பாஷையும் தெரியாது. இரண்டு பீப்பாய் நல்ல தண்ணீரைப் பாறையில் உருட்டிவிட்டுக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு கடல் கெட்டால் அவர் வருவார். வருஷக்கணக்காக வந்தார். அன்றிலிருந்து தொட்டி காலியாவதைப் பார்க்கவே பயம், கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் தூக்கம் வரும் என்றார்.

"எங்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்லைங்க. மீனு குடுக்கலாம்னா அவரே மீன்காரரு. கப்பல்காரனுக்குத் தெரிஞ்ச மரியாதை அது ஒண்ணுதான். அவரு படகு தெரிஞ்சா ஏத்துவேன். அவரு எந்திரிச்சி நின்னு தொப்பியக் கழட்டுவாரு."

நீதிபதிகளில் ஓரத்தில் இருந்த ஒரு பெண்மணி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அந்தப் படகுக்காரர் அவர்கள் அரசாங்கத்தின் ஆளா? இல்லை அம்மா, சொந்தப் படகு, யாரும் அனுப்பவில்லை என்றார் சித்தப்பா. உங்களைக் கொடி ஏற்றச் சொன்னது யார்? யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான். அவர் போகலாம் என்றார்கள். போவதற்கு முன் சாட்சி மேசையில் வைத்திருந்த தம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு வைத்தார். அடியில் இரண்டு விரல் மிச்சம் இருந்தது. சலவைக்கூடத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு அவர் அந்த மண்டபத்தைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான். தண்ணீர்க்காரரையும் கூட்டி வந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தாராம். இரண்டு நாட்டுக்கும் வழக்கு என்றால் இரண்டு பக்கத்திலும் ஆள் வரவேண்டாமா என்றார்.

தீர்ப்புக்கு மேலும் பல மாதங்கள். ஒரு முற்பகலில் வாசித்தார்கள். என் வீட்டுக்காரர் அன்று வேனை எடுக்கவில்லை. கைபேசியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் பின்னறையில் உட்கார்ந்தோம். சித்தப்பா தகரப் பெட்டியை வெளியே இழுத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். தலைமை நீதிபதி வாசிக்க வாசிக்க எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேதிகள், ஒப்பந்தங்கள், கேள்விப்படாத ராஜ்யங்களின் பெயர்கள். எல்லாம் முடிந்து அவர்கள் எழுந்து போன பிறகுதான் வக்கீலம்மா கூப்பிட்டார். கைபேசியை நடுவில் வைத்துப் பேசச் சொன்னோம்.

பாறை அவர்களுக்கு என்று தீர்ப்பு. அதைச் சுற்றிய கடலில் கொஞ்சம் நமக்கும் உண்டு. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயா, கேளுங்க. உங்க கொடியால தோக்கல. அத நீங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும்."

சித்தப்பா பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால், இந்த இரண்டு கரைகளையும் ஆண்ட பழைய அரசாங்கங்கள் ஓர் ஒப்பந்தம் செய்து கடலில் ஒரு கோடு போட்டிருக்கின்றன. பாறை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுகிறது. தீர்ப்பு முழுக்க அந்தக் கோட்டின் மேல்தான். கொடியைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது, வாசிக்கிறேன் என்று வாசித்தார். விளக்குக் காவலர் கொடி ஏற்றியது ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்குக் காட்டிய நன்றி, அதை வைத்து எந்த நாட்டின் உரிமையையும் தீர்மானிக்க முடியாது.

என் வீட்டுக்காரர் மூச்சை விட்டார். சித்தப்பா இன்னும் நிமிரவில்லை.

"அப்ப நான் அங்க இருந்தது?" என்று கேட்டார்.

வக்கீலம்மா மெதுவாகச் சொன்னார். கப்பல்கள் பாறையில் மோதாமல் இருக்க விளக்கைப் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் பொதுவான வேலை, அதைச் செய்ததால் அந்த இடம் சொந்தமாகிவிடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அப்ப அதுவும் கணக்குல இல்ல."

"இல்லைங்க, ஐயா."

"சரிம்மா" என்றார் சித்தப்பா. தப்பு அவருடையது இல்லை என்று சொல்லியாகிவிட்டது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் இறங்கின முகம் மாதிரி இல்லை. ஒரு வீட்டில் வெகுநேரமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவரிடம், இங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்ன மாதிரி இருந்தது.

கொஞ்சம் கழித்து, இனி அங்கே போக வேண்டுமென்றால் என்ன செய்வது என்று விசாரித்தார். அவர்கள் நாட்டிடம் அனுமதி கேட்க வேண்டும், காரணம் கேட்பார்கள், வசிப்பதற்கு யாருக்கும் தரமாட்டார்கள் என்றார் வக்கீலம்மா. அந்தக் கொடியை அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன், பரணில் சுருட்டி வைத்திருக்கிறது என்றார் சித்தப்பா.

"எடுத்து ஏத்திக்கச் சொல்லுங்க. இப்ப அதுதான் சரியான கொடி. துணி நல்ல துணி."

அன்று மாலை என் வீட்டுக்காரர் தேநீர்க் கடையில் நின்று, கொடியால் போகவில்லை, தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னாராம். வீட்டுக்கு வந்து, "மாமா, வாங்க, வேன்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம். கடற்கரைப் பக்கம் ஒரு லோடு இருக்கு" என்று கூப்பிட்டார். இன்னொரு நாளைக்கு வருகிறேன் மாப்பிள்ளை என்றார் சித்தப்பா. அந்த இன்னொரு நாள் இதுவரை வரவில்லை.

இரண்டு நாடுகளும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டுவிட்டன. ரோந்துப் படகுகள் தத்தம் பக்கத்தில் போகின்றன. அந்தப் பாறை இப்போது அவர்களுடையது. விளக்கு எரிகிறது, அவர்கள் ஆட்கள் எப்போதாவது வந்து சரிபார்த்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர்க்காரரின் பெயர் எங்களுக்குத் தெரியாது, உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. விசாரித்துச் சொல்வதாக வக்கீலம்மா சொல்லியிருந்தார், பிறகு வேறு வழக்குக்குப் போய்விட்டார். சித்தப்பா எங்கள் பின்னறையில் இருக்கிறார். தகரப் பெட்டியைத் திறந்து துணிகளை ஆணியில் மாட்டிவிட்டார். துண்டை என் துணிக்குப் பக்கத்தில் காயப்போடுகிறார். தினமும் காலையில் நான் வேலைக்குப் போகுமுன் அவர் தம்ளரைக் கழுவ எடுக்கிறேன். அடியில் தண்ணீர் இருக்கிறது.